சத்தமில்லாமல் செத்த இணைப்பை அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பது

பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்பில், போர்வெல் மோட்டார் ரூமுக்குள் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்று வைத்திருக்கிறோம் (இனி 'பை' என்றால் இதுதான்). மோட்டாரின் மூன்று ஃபேஸிலும் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று அது சென்சாரில் படித்து, 4ஜி ரவுட்டர் வழியாக ஒரு வாடகை சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து சித்தப்பாவின் போனுக்கு வரும். பையிலிருந்து சர்வருக்கு மூன்று இணைப்புகள் எப்போதும் திறந்திருக்கும். மோட்டார் நிலையைச் சொல்ல எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை (சர்வரில் அந்தச் செய்திகளை வாங்கிப் பகிரும் புரோகிராமுக்குப் புரோக்கர் என்று பெயர்). பழைய அளவுகளைச் சேர்த்துவைக்க போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். வெளியூரிலிருந்து நான் பைக்குள் நுழைய, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு முறையில் ஒரு தலைகீழ் டனல். மொபைல் சிம்முக்கு நேரடியான பொது ஐபி கிடைக்காது, அதனால்தான் டனல். பை சர்வருக்குப் போய் அங்கே 2222 என்ற போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும், நான் அந்த வழியாக உள்ளே வருவேன்.

கரண்ட் போய் வந்த ஒரு மத்தியானம் சித்தப்பா கூப்பிட்டார். "மோட்டார் ஓடுதுன்னு போன்ல காட்டுது கண்ணு, தொட்டிக்கு ஒரு சொட்டு வரலையே?"

"கொஞ்சம் இருங்க சித்தப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று டனல் வழியாக நுழையப் பார்த்தால் டனல் இல்லை. சர்வரில் பார்த்தால் 2222 திறந்தே இருக்கிறது, பையோடு இணைப்பு உயிரோடு இருப்பதாகவே பதிவு சொல்கிறது. அதில் எதை அனுப்பினாலும் பதில் வராது. கடைசியில் தோப்புக்கே போய் லேப்டாப்பைப் பையில் நேராகச் செருகிப் பார்க்க வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். பைக்குச் சின்ன பேட்டரி பேக்கப் உண்டு, ரவுட்டருக்கு இல்லை. கரண்ட் போனதும் ரவுட்டர் அணைந்து, திரும்பி வந்து, புது முகவரி வாங்கிக்கொண்டது. பழைய இணைப்புகள் போன தடத்தை இடையில் இருந்தவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பையும் சர்வரும் மட்டும் மறக்கவில்லை.

இந்த மூன்று இணைப்பும் ஓடுவது டிசிபி என்ற இணைய இணைப்பு முறையில். டிசிபி இணைப்பு என்பது கம்பியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்று அல்ல. இரண்டு முனையிலும் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) நினைவில் இருக்கும் இரண்டு குறிப்புகள்தான் அது. ஒரு புரோகிராம் ஒழுங்காக முடிந்தாலோ செத்தாலோகூட அதன் கெர்னல் எதிர்முனைக்கு ஃபின் ('முடிந்தது') அல்லது ரீசெட் ('இணைப்பு அறுந்தது') என்ற பாக்கெட்டை அனுப்பிவிடும், எதிர்முனை உடனே தெரிந்துகொள்ளும். நடுவழியில் பாதை போய்விட்டால் அனுப்ப யாரும் இல்லை. கிணற்றுக்குள் விட்ட கயிற்றில் வாளி இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தால்தானே தெரியும், அப்படித்தான் இதுவும். இழுப்பது யார், எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை என்பதைத்தான் டைம்அவுட் எண்கள் (எவ்வளவு நேரம் காத்திருந்து கைவிடுவது என்ற அமைப்புகள்) தீர்மானிக்கின்றன. லினக்ஸில் முன்னிருப்பாக வரும் எண்கள் தோப்புக்காகப் போட்டவை அல்ல.

ஒரு இணைப்பு எந்த நிலையில் இருக்கும்போது பாதை அறுகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு கடிகாரம் ஓடுகிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணை மாற்றினால், மாற்றிய எண் ஒன்றாகவும் மாற்ற வேண்டிய எண் வேறொன்றாகவும் போகும்.

சும்மா இருக்கும் இணைப்புக்குக் கீப்அலைவ், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்கும் சோதனை. அதுவும் புரோகிராம் கேட்டு வாங்கினால்தான் உண்டு. 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தரநிலை ஆவணம், கீப்அலைவ் முன்னிருப்பாக அணைந்தே இருக்க வேண்டும், போட்டாலும் முன்னிருப்பு இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டது. லினக்ஸும் அப்படியே வைத்திருக்கிறது: 7200 வினாடி சும்மா இருந்தால் முதல் சோதனைப் பாக்கெட், பதில் இல்லையென்றால் 75 வினாடிக்கு ஒன்றாக மொத்தம் 9. கூட்டிப் பார்த்தால் 7875 வினாடி, அதாவது 2 மணி 11 நிமிடம் 15 வினாடி. நம் 2222 போர்ட் அவ்வளவு நேரம் ஒரு செத்த இணைப்பின் கையில் கிடந்தது.

அனுப்பிய தரவுக்கு ஒப்புதல் வராமல் காத்திருக்கும் இணைப்புக்குக் கீப்அலைவ் கணக்கே கிடையாது. அங்கே மறுபடி மறுபடி அனுப்பும் கடிகாரம்தான். டிசிபி_ரீட்ரைஸ்2 என்ற எண் முன்னிருப்பாக 15. ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பாகி 120 வினாடியில் நிற்கும். எல்லாம் முடிந்து "இணைப்பு போய்விட்டது" என்று புரோகிராமிடம் சொல்வதற்குள் குறைந்தது 924 வினாடி, கால் மணி நேரத்துக்கு மேல். கீப்அலைவை 20 வினாடியாகக் குறைத்துவிட்டு "ஏன் இன்னும் கால் மணி நேரம் தொங்குகிறது" என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் மாட்டியிருப்பார்கள்.

புதிதாக இணையப் போகும்போது இன்னொரு கணக்கு. டிசிபி_சின்_ரீட்ரைஸ் 6, அதாவது எதிரே யாருமே இல்லாவிட்டால் கைவிட இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இதைப் புரோகிராமிலேயே 10 வினாடி என்று வைத்துவிட்டேன், அதோடு அது முடிந்தது.

எந்த இணைப்பு எந்தக் கடிகாரத்தில் இருக்கிறது என்று பார்க்க, திறந்திருக்கும் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையே போதும். டி, ஓ என்ற இரண்டு ஆப்ஷனைச் சேர்த்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் டைமர் என்று வரும். அடைப்புக்குள் 'கீப்அலைவ்' என்று இருந்தால் சும்மா இருக்கும் இணைப்பு. 'ஆன்' என்று இருந்து, அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகள் பூஜ்யமாகாமல் நின்றால், ஒப்புதலுக்காகத் தொங்குகிற இணைப்பு. டைமரே இல்லையென்றால் அந்த இணைப்பை யாரும் இழுத்துப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பையில் பார்த்தபோது எஸ்எஸ்எச் கீப்அலைவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி வைத்துக்கொண்டு நின்றது. போஸ்ட்கிரெஸ் வரியில் 'ஆன்'. எம்க்யூடிடி மட்டும் புது இணைப்பாக நன்றாக இருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பையில் ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட், சென்சாரைப் படித்து, போஸ்ட்கிரெஸில் எழுதிவிட்டு, அப்புறம்தான் எம்க்யூடிடியில் நிலையைச் சொல்லும். அது பயன்படுத்தும் பாஹோ லைப்ரரி, எம்க்யூடிடியின் பிங் வேலையைத் தனி த்ரெட்டில் (அதே புரோகிராமுக்குள் தனியாக ஓடும் கிளையில்) செய்கிறது. எழுதும் த்ரெட் போஸ்ட்கிரெஸிடம் மாட்டிக் கால் மணி நேரம் நின்றபோதும், பிங் த்ரெட் அதுபாட்டுக்கு "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று புரோக்கருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. இணைப்பு உயிரோடு, வேலை செய்ய வேண்டிய பகுதி உறைந்து போய். போனில் இருந்தது கரண்ட் போவதற்கு முன்னால் வந்த "ஓடுகிறது".

இன்னொரு விஷயமும் உறுத்தியது. பை தன் பழைய இணைப்பில் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறதே, அது சர்வரைப் போய்ச் சேர்ந்தால் "இப்படி ஒரு இணைப்பே எனக்குத் தெரியாது" என்று சர்வர் ரீசெட் அனுப்பியிருக்க வேண்டும், பை உடனே விழித்திருக்க வேண்டும். சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டுப் பார்த்தேன். புது எம்க்யூடிடி இணைப்பின் பாக்கெட்டுகள் வந்தன, பழைய இணைப்பு எதிலிருந்தும் ஒரு பாக்கெட்கூட வரவில்லை. நடுவில் முகவரி மாற்றித் தரும் நாட் பெட்டி ஏதோ ஒன்று, தொடக்கம் பார்க்காத இணைப்பின் பாக்கெட்டைப் பேசாமல் கீழே போட்டுவிடுகிறது. மொபைல் நெட்வொர்க்கில் இதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். ஆர்எஃப்சி 5382, சும்மா இருக்கும் டிசிபி இணைப்பை நாட் குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் சில நிமிடங்களிலேயே மறந்துவிடுகிற இடங்கள் நிறைய. அதனால் அடிக்கடி இழுத்துப் பார்ப்பதில் இரட்டை லாபம்: அறுந்ததும் தெரியும், அறுக்கப்படாமலும் இருக்கும்.

முதலில் டனல். சர்வர் பக்க எஸ்எஸ்எச் புரோகிராமான எஸ்எஸ்எச்டியின் அமைப்பில் க்ளையன்ட்அலைவ்இன்டர்வல் முன்னிருப்பாக 0, அதாவது கேட்பதே இல்லை. அதை 15 ஆக்கி, க்ளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸை (பதில் வராத எத்தனை கேள்வி வரை பொறுப்பது என்பதை) அதன் 3-லேயே விட்டேன். பைப் பக்கம் சர்வர்அலைவ்இன்டர்வல் 15, சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3. இரண்டு பக்கமும் போட வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. பைப் பக்கம் மட்டும் போட்டால், பை சீக்கிரம் விழித்துப் புது இணைப்பு போடும், ஆனால் 2222-ஐ பழைய இணைப்பு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். எஸ்எஸ்எச் க்ளையன்ட் அதை ஒரு எச்சரிக்கையாக மட்டும் எழுதிவிட்டு, டனல் இல்லாமலேயே இணைந்து நிற்கும். புரோகிராம்களைக் கிளப்பி மேற்பார்க்கும் சிஸ்டம்டியின் பார்வையில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. இதற்காக எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் என்பதை 'யெஸ்' என்று போட வேண்டும். போர்ட் கிடைக்காவிட்டால் க்ளையன்ட் வெளியேறும், சிஸ்டம்டி 10 வினாடி கழித்து மறுபடி கிளப்பும், அதற்குள் சர்வர் பழையதை அறுத்திருக்கும்.

எஸ்எஸ்எச்சில் டிசிபிகீப்அலைவ் என்ற ஒன்றும் உண்டு, முன்னிருப்பாக அது இயங்கும். அது கெர்னலின் அந்த 2 மணி நேரக் கணக்கைத்தான் பயன்படுத்தும். க்ளையன்ட்அலைவ் கேள்வி குறியாக்கப்பட்ட வழிக்குள்ளேயே போகிறது, பதில் சொல்வது கெர்னல் அல்ல, எதிர்முனை எஸ்எஸ்எச் புரோகிராமே. எனக்கு அதுதான் நம்பகம்.

இனிச் சோதனை. இணைப்பு அறுவதைச் சோதிக்கப் புரோகிராமைக் கொல்வது பயன் தராது, கெர்னல் ஃபின் அனுப்பிவிடும். பையின் கேபிளைப் பிடுங்குவதும் சரி வராது, லிங்க் போனதைப் பை தானே பார்த்துவிடும். நமக்கு வேண்டியது நடுவழி மௌனம். சர்வரில் லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ் கொண்டு, பையின் முகவரியிலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் 'டிராப்' செய்தேன், அதாவது பேசாமல் கீழே போடச் சொன்னேன். 'ரிஜெக்ட்' போடக் கூடாது, அது "முடியாது" என்று பதில் சொல்லிவிடும், சோதனையே கெட்டுவிடும். விதியைப் போடும்போதே 5 நிமிடத்தில் தானாக நீங்கும்படி பின்னணியில் ஒரு கட்டளையும் போட்டுவிடுங்கள். தோப்புக்குப் போகும் ஒரே வழியை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்க யாருக்கும் நேரமில்லை.

அடைத்துவிட்டு ஒரு வினாடிக்கு ஒருமுறை எஸ்எஸ் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தேன். சர்வர் பக்கம் எஸ்எஸ்எச் வரியில் முதல் கேள்வி போனதும் கீப்அலைவ் மறைந்து 'ஆன்' வந்தது. அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகள் கொஞ்சம் ஏறின, அடுத்த கேள்வியில் இன்னும் கொஞ்சம். அடைப்புக்குள் கடைசி எண் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போனது, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நடுவே காத்திருப்பு இரட்டித்தது. கையேட்டின் கணக்குப்படி 15 பெருக்கல் 3, சுமார் 45 வினாடி. கண்ணால் பார்த்தபோது ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் வரி மறைந்தது. மூன்று கேள்விக்குப் பதில் வராத பிறகு, நான்காவது கேட்கும் நேரம் வரும்போதுதான் எஸ்எஸ்எச்டி அறுக்கிறது. 2 மணி 11 நிமிடம் ஒரு நிமிடமானது, 2222 விடுபட்டது, விதி நீங்கியதும் பை தானே வந்து ஒட்டிக்கொண்டது.

எம்க்யூடிடியில் கீப்அலைவ் எண்ணை க்ளையன்ட்தான் சொல்லும். அதைப்போல ஒன்றரை மடங்கு நேரம் க்ளையன்டிடமிருந்து எதுவும் வராவிட்டால் புரோக்கர் அறுக்க வேண்டும் என்பது விதி. பாஹோவின் முன்னிருப்பு 60, ஆக 90 வினாடி. 20 என்று வைத்தேன், 30 வினாடியில் தெரிந்துவிடும். அறுந்ததைப் புரோக்கர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டும். அதற்கு லாஸ்ட் வில்: இணையும்போதே "நான் திடீரென்று போய்விட்டால் இந்தச் செய்தியைச் சொல்லிவிடு" என்று புரோக்கரிடம் கொடுத்து வைப்பது. "தொடர்பு இல்லை" என்ற வரியை, கடைசிச் செய்தியைப் புரோக்கர் எடுத்து வைத்திருக்கச் சொல்லும் ரீட்டெய்ன் குறியோடு வைத்தேன், இணைந்த கையோடு பை "தொடர்பு உண்டு" என்று அதன் மேல் எழுதும். நிலைச் செய்தியோடு படித்த நேரத்தையும் சேர்த்து அனுப்பி, ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதானால் போனில் சாம்பல் நிறமாக மாறும்படி செய்தேன். நேரத்தைச் சேர்க்கும் இந்த ஏற்பாட்டை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். பிங் த்ரெட் என்ன சொன்னாலும், படித்த நேரம் பொய் சொல்லாது.

போஸ்ட்கிரெஸுக்கு இணைப்பு வரியிலேயே எல்லாம் கொடுக்கலாம். கனெக்ட்_டைம்அவுட் 10, கீப்அலைவ்ஸ்_ஐடில் 20, கீப்அலைவ்ஸ்_இன்டர்வல் 5, கீப்அலைவ்ஸ்_கவுன்ட் 3. சும்மா இருந்தாலும், கேள்வி போய்ச் சேர்ந்து பதிலுக்காகக் காத்திருந்தாலும் 35 வினாடியில் முடிவு தெரியும். ஒப்புதல் வராமல் தொங்கும் நிலைக்கு டிசிபி_யூசர்_டைம்அவுட் வேண்டும். லினக்ஸ் கெர்னல் 2.6.37 முதல் இது உண்டு, போஸ்ட்கிரெஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து. மற்றவை வினாடி, இது மட்டும் மில்லிவினாடி, ஆகவே 35000. 35 என்று போட்டால் 4ஜியில் எந்த இணைப்பும் பிழைக்காது. இன்னொன்று, இந்த எண் இருந்தால் கெர்னல் கீப்அலைவின் எத்தனை முறை என்ற கணக்கையும் ஒதுக்கிவிட்டு இதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டையும் ஒரே 35-க்கு ஒத்துப்போகும்படி வைத்தேன்.

மறுபடி அடைத்துப் பார்த்தபோது 'ஆன்' வரியில் 200 மில்லிவினாடியை ஒட்டித் தொடங்கிய இடைவெளி இரட்டித்து இரட்டித்துப் போய், அரை நிமிடம் கடந்ததும் ஸ்கிரிப்ட்டில் பிழை விழுந்தது. எழுத முடியாமல் போன அளவைப் பையிலேயே எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் கோப்பில் வைத்து, பாதை திரும்பியதும் அனுப்பும்படி மாற்றினேன். போஸ்ட்கிரெஸ் எழுத்தைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிட்டேன், நிலை சொல்லும் வேலை இனி அதற்காகக் காத்திருக்காது. சர்வர் பக்கத்திலும் போஸ்ட்கிரெஸ் அமைப்பில் இதே கீப்அலைவ் எண்களைப் போட வேண்டும். இல்லையென்றால் பாதி டிரான்ஸாக்‌ஷனில் செத்த இணைப்பு, தான் பூட்டிய வரிசைகளை 2 மணி நேரம் பூட்டியே வைத்திருக்கும்.

போஸ்ட்கிரெஸை எஸ்எஸ்எச் டனலுக்குள் விட்டு ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது போஸ்ட்கிரெஸ் க்ளையன்டுக்கு எதிர்முனை அதே மெஷினில் இருக்கும் எஸ்எஸ்எச் புரோகிராம்தான். கீப்அலைவுக்கு அது உடனே பதில் சொல்லிவிடும், தொலைவில் சர்வர் எரிந்தே போயிருந்தாலும். அங்கே வேலை செய்வது டனலின் சொந்த எண்கள் மட்டும்.

கெர்னலில் பொதுவான டிசிபி_ரீட்ரைஸ்2-ஐக் குறைத்துவிட்டால் எல்லாம் ஒரே வரியில் முடியுமே என்று தோன்றும். நான் தொடவில்லை. அது அந்த மெஷினின் எல்லா இணைப்புக்கும் பொருந்தும். ஆர்எஃப்சி 1122 அந்தக் காத்திருப்பு குறைந்தது 100 வினாடி இருக்க வேண்டும் என்கிறது, கெர்னல் கணக்கில் அது 8-க்குக் குறையாத எண். இணைப்புக்கு இணைப்பு தேவை வேறு, அந்தந்த இணைப்பிலேயே போடுவது நல்லது.

30 வினாடி ஏன், 5 வினாடி ஏன் இல்லை? சர்வரில் டிசி கட்டளையின் நெட்எம் கொண்டு 800 மில்லிவினாடி தாமதமும் 20 சதவீதப் பாக்கெட் இழப்பும் செயற்கையாகச் சேர்த்துப் பார்த்தேன். டவர் நெரிசலான சாயங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். 15-க்கு 3 என்ற எஸ்எஸ்எச் கணக்கு அசையாமல் நின்றது. 2-க்கு 2 என்று குறைத்தால் உயிருள்ள இணைப்பையே அறுத்துப் போட்டு, மறுபடி இணைத்து, மறுபடி அறுத்தது. டிசிபி சில வினாடி இடைவெளியைத் தானே தாண்டி வரும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, அந்த வேலையைச் செய்ய அதற்கு நேரம் விட வேண்டும். டேட்டா செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 15 வினாடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 5760 கேள்விகள், பதிலோடு சேர்த்து ஓரிரு எம்பிக்குள் அடங்கும்.

எல்லாம் முடிந்ததும் சித்தப்பா கேட்டார்: "அப்போ தண்ணி இல்லாம மோட்டார் ஓடுனா அரை நிமிசத்துல நிறுத்திரும்ங்களா கண்ணு?" அதற்கு மட்டும் இல்லை என்று அழுத்திச் சொன்னேன். தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டாரை நிறுத்துவது பேனல் போர்டில் இருக்கும் டிரை ரன் ரிலேயின் வேலை. அது நெட்வொர்க்கைக் கேட்காமல், ஆம்பியர் இறங்கியதும் அங்கேயே வெட்ட வேண்டும். அன்றைக்கு மோட்டார் ஓடவே இல்லை, ஸ்டார்ட்டர் விழுந்திருந்தது, அதனால் பிழைத்தது. போனில் வரும் நிலை மனிதருக்கான தகவல். அதை நம்பி மோட்டாரை விடக் கூடாது.

ரவுட்டரையும் பையின் பேட்டரியிலேயே இணைத்துவிட்டேன், கரண்ட் வெட்டுக்கு அது இப்போது அணைவதில்லை. டவர் பக்கம் போய் வரும்போது டனல் ஒரு நிமிடத்துக்குள் அறுந்து, தானே திரும்புகிறது. இன்னும் பாக்கியிருப்பது, ரவுட்டரே உறைந்துபோகும் நாளுக்கான ஏற்பாடு. 10 நிமிடம் சர்வரைத் தொட முடியாவிட்டால் ரவுட்டரின் 12 வோல்ட் லைனைப் பை ஒரு ரிலே வழியாக அணைத்துப் போட வேண்டும். ரிலே வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த முறை தோப்புக்குப் போகும்போது மாட்டுவேன்.